நாரை வாத்தியாரின் அசையாப் பள்ளிக்கூடம்

மலையடிவாரத்து ஆற்றில் புளியமடு என்று ஒரு மடு இருந்தது. கோடையில் ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அந்த மடுவில் தண்ணீர் நிற்கும். அதன் கரையில் ஒரு வளைக்குள் வஞ்சி என்ற நீர்நாய் தன் மகள் நொச்சியோடு குடியிருந்தாள்.

வஞ்சிக்கு ஒரே ஒரு பயம்தான். ஆடி மாதத்துப் புது வெள்ளம்.

போன ஆடியில் அந்த வெள்ளம் அவளுடைய மூத்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. மழை பெய்தது மலையில். மடுவில் நல்ல வெயில். அந்த வெயிலிலேயே செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்தது. வஞ்சி அப்போது மீன் தேடிக் கீழ்மடுவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கரையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அது எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. விளையாடிக்கொண்டு இருந்திருக்கும், அதனால்தான் போயிற்று என்று வஞ்சி தானாகவே முடிவு செய்துகொண்டாள். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளாமல் அவளால் தூங்க முடியவில்லை.

நொச்சி மாசியில் பிறந்தாள். அவள் கண் திறந்த அன்றே வஞ்சி மாதங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. அதற்கப்புறம் ஆடி. அதற்குள் இவள் நீந்தக் கற்றுக்கொள்வாளா? இழுக்கிற தண்ணீரைச் சமாளிப்பாளா? நீர்நாய்க்கு நீச்சல் கூடவே பிறக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நீர்நாயையும் வளர்த்துப் பார்க்காதவர்கள். முதல் முதலாகத் தண்ணீரைக் கண்டதும் நொச்சி வீலென்று கத்திக்கொண்டு அம்மாவின் முதுகில் ஏறிவிட்டாள்.

வஞ்சி மறுபடியும் மாதங்களை எண்ணினாள்.

மடுவின் தென்கரையில் ஆட்காட்டிப் பறவை ஒரு பால்வாடி நடத்திவந்தாள். தாய்மார் மீன் பிடிக்கப் போகும் நேரத்தில் அவர்களுடைய குட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. நெட்டை மஞ்சள் கால்களோடு கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஆபத்து என்றால் ஆறு முழுவதும் கேட்கும்படி கத்துவாள். மற்றபடி அதைச் செய், இதைச் செய் என்று சொல்லமாட்டாள். குட்டிகள் களிமண் சரிவில் சறுக்கிக்கொண்டு போய்த் தொபீர் என்று தண்ணீரில் விழும். ஒன்றின் வாலை இன்னொன்று கடித்துக்கொண்டு உருளும். ஒரு வேரை எல்லாக் குட்டிகளும் சேர்ந்து இழுக்கும்.

சித்திரையில் வஞ்சி நொச்சியை அங்கே கொண்டுவந்து விட்டாள். விட்டாளே தவிர, மனம் அங்கேயே கிடந்தது. மாலையில் வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னைக்கு என்ன கண்ணு படிச்சே?"

"கல்லைத் தண்ணிக்குள்ள தள்ளிவுட்டோம்மா."

"அப்புறம்?"

"முங்கிப் போயி எடுத்தோம்."

"அப்புறம்?"

"மறுபடி தள்ளிவுட்டோம்."

ஒரு நாள் இப்படி என்றால் பரவாயில்லை. ஒரு மாதம் முழுக்க இதே பதில்தான். இல்லாவிட்டால் மருது என்ற பையன் தன்மேல் ஏறி விழுந்த கதையைச் சொல்வாள். மருது பக்கத்து வளையில் இருந்த குட்டி. அவனுக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்க வராது.

ஒரு நாள் வஞ்சி நேராகவே போய்க் கேட்டுவிட்டாள். "ஏனம்மிணி, நீ எப்பத்தான் பாடம் சொல்லிக் குடுப்பே? ஆடி கிட்ட வந்துருச்சு."

ஆட்காட்டி நடப்பதை நிறுத்தினாள். "பாடம் நடந்துக்கிட்டுத்தானுங்கக்கா இருக்குது" என்று சொல்லிச் சரிவைக் காட்டினாள்.

அங்கே மருது தலைகீழாகச் சறுக்கிப் போனான். நொச்சி அவன்மேல் விழுந்தாள். இரண்டும் தண்ணீருக்குள் உருண்டு, எங்கோ நாலு முழம் தள்ளி வெளியே வந்து தும்மின. ஆட்காட்டி அதைப் பார்த்துத் தலையாட்டினாள். வஞ்சியின் கண்ணுக்கு வெறும் சேறுதான் தெரிந்தது. பாவம், ஆட்காட்டிக்குப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. வஞ்சி அன்று வளைக்குத் திரும்பும்போது முன்னைவிட அதிகக் கவலையோடு போனாள்.

இந்தச் சமயத்தில் சாம்பல் நாரைக்கும் ஒரு கவலை வந்திருந்தது.

மடுவுக்குத் தண்ணீர் வந்து சேரும் குறுகிய இடத்துக்கு மேல்வாய் என்று பெயர். அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீரில் அசையாமல் நின்று மீன் பிடிப்பது நாரையின் வழக்கம். பன்னிரண்டு வருஷமாக அதே இடம். ஆனால் இந்த ஆனியில் தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டது. தென்கரைக்கும் மேல்வாய்க்கும் நடுவில் இருந்த தூரம் பாதியாகிவிட்டது. குட்டிகள் இங்கே குதித்தால் அங்கே தண்ணீர் கலங்கியது. மீன்கள் பாறை இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டன. நாரையார் மூன்று நாளாகத் தவளையைத் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

குட்டிகளை விரட்டிப் பார்த்தார். அவை அதையும் ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஓடின. நாலாம் நாள் நாரையார் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். சாயங்காலம் வஞ்சியின் வளைக்கு வந்து சேர்ந்தார்.

குட்டிக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சத்தியமாக இல்லை. தன் காலைச் சாப்பாட்டை மட்டும்தான் அவர் நினைத்தார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"குழந்தையைப் பத்திக் கவலையா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று தொடங்கினார். "நியாயமான கவலைதானுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். வெள்ளம் யாரைக் கொண்டுபோகுது?"

அந்த வார்த்தையைக் கேட்டதுமே வஞ்சி நொச்சியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"ஓடறதை, உருள்றதை, துள்றதைத்தான் கொண்டுபோகுது. அதோ அந்தப் பாறையைப் பாருங்க. எத்தனை வெள்ளம் பாத்திருக்கும்? போச்சா? போகல. ஏன்னா அது அசையல. அட, என்னையே எடுத்துக்கங்க. பன்னெண்டு வருஷமா இதே மடுவுல நிக்கறேன். என்னை எந்த வெள்ளம் கொண்டுபோச்சு?"

வஞ்சி யோசித்துப் பார்த்தாள். அவரை எந்த வெள்ளமும் கொண்டுபோகவில்லைதான். அவருக்கு இரண்டு சிறகு இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை.

நாரையார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூத்த பிள்ளை வெளையாடிட்டு இருந்தப்பத்தானே போச்சு?"

அவருக்கும் தெரியாது. ஊரில் பேசிக்கொண்டதைத்தான் அவர் கேட்டிருந்தார். வஞ்சியோ தன் மனசுக்குள் இருந்ததை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் அப்படியே நம்பிவிட்டாள். மறுநாள் காலையில் நொச்சி தென்கரைக்குப் போகவில்லை.

வடகரையில் வரிசையாகச் சில பாறைகள் இருந்தன. மேல்வாயிலிருந்து நல்ல தூரம். அதுதான் பள்ளிக்கூடம். ஒரு பாறைக்கு ஒரு குட்டி. சூரியன் உதித்ததிலிருந்து உச்சிப்பொழுதில் பாறையின் நிழல் காலடிக்கு வரும்வரை பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவேண்டும். வால் துடிக்கக்கூடாது. மீசை அசையக்கூடாது. பக்கத்தில் மீன் துள்ளினாலும் திரும்பக்கூடாது. ஒற்றைக் காலில் நிற்கும் பாடம் அடுத்த வருஷம்தான் வரும் என்று நாரையார் சொல்லிவைத்திருந்தார். பாடத்தைச் சொல்லிவிட்டு அவர் மேல்வாய்க்குப் போய்விடுவார். தென்கரையில் குட்டிகள் குறையக் குறைய அங்கே தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துகொண்டே வந்தது. வயிறு நிறைந்ததும் வந்து, "பரவாயில்லை, இன்னைக்கு நல்லாப் படிச்சீங்க" என்பார்.

முதல் நாள் நொச்சி பத்து மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. விழுந்தாள். சிரித்தாள். வஞ்சி அவளைத் தூக்கி மறுபடி நிறுத்தினாள். இரண்டாம் நாள் அழுதாள். ஐந்தாம் நாள் அழுகை நின்றது. பத்தாம் நாள் நிழல் காலடிக்கு வரும்வரை நின்றாள்.

அந்தச் செய்தி மடு முழுக்கப் பரவியது. மற்ற தாய்மாருக்கு அதற்கப்புறம் தூக்கம் வருமா? உங்க பொண்ணு எவ்வளவு நேரம் நிக்கறா, எங்க பையன் பாதி நிழல் வரைக்கும்தான் நிக்கறான் என்று பார்த்த இடத்தில் எல்லாம் இதே பேச்சு. இரண்டு பேர் தங்கள் குட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மருதுவின் அம்மா மட்டும் சேர்க்கவில்லை. அவன் நிற்கமாட்டான், நிற்கவைத்தால் வாத்தியாரையே கடித்துவைப்பான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அவளை எல்லோரும் பொறுப்பில்லாதவள் என்றார்கள். நாரையார் நொச்சியை முதல் மாணவி என்று அழைத்தார். வஞ்சிக்குப் பெருமையாக இருந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

நொச்சி வளைக்கு வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். தூங்கச் சொன்னால் தூங்குவாள். ஒருநாள் வஞ்சி உயிரோடு ஒரு சின்னக் கெண்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் விட்டாள். அது துள்ளித் துள்ளித் தண்ணீரை நோக்கிப் போயிற்று. நொச்சியின் கண் மட்டும் அதன் பின்னால் போனது. கால் போகவில்லை.

"புடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். அதற்குள் மீன் போய்விட்டது.

இது நல்லதுதானே, அடக்கமாக இருக்கிறாள் அல்லவா என்று வஞ்சி தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று மட்டும் மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். நல்லதாக இருந்தால் ஒரு தடவை கேட்டாலே போதுமே.

ஆட்காட்டி ஒருநாள் பறந்து வந்தாள். குழந்தையின் மூக்கு காய்ந்து கிடக்கிறது, ரோமம் எல்லாம் சடை விழுந்துவிட்டது, தண்ணீரில் இறங்கியே எத்தனை நாளாயிற்று என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். வஞ்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் மனசு சொன்னதையே அடுத்தவர் சொன்னால் கோபம் அப்படித்தான் வரும்.

"உனக்கென்ன தெரியும்? பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் ஆட்காட்டி மணலில் இட்ட நாலு முட்டைகளையும் தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமை மிதித்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லாமல் தென்கரைக்குத் திரும்பிப் போய் நடக்க ஆரம்பித்தாள்.

ஆடி பிறந்தது.

மூன்றாம் நாள் காலை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வடகரையில் மூன்று குட்டிகள் நின்றன. நொச்சி தண்ணீருக்கு நடுவில் இருந்த பாறையில் நின்றாள். முதல் மாணவிக்கு அதுதான் இடம். வஞ்சி சற்றுத் தள்ளி நண்டு தேடிக்கொண்டிருந்தாள். வெள்ள மாதம் என்பதால் அவள் இந்த மூன்று நாளாக மகளைவிட்டுத் தூரம் போகவில்லை.

முதலில் ஒரு வாசனை வந்தது. புது மண் வாசனை. பிறகு மேல்வாயில் காய்ந்த இலைகளும் நுரையும் மிதந்து வந்தன. நாரையார் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். நிமிர்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறகை விரித்து எழும்பி, கரையில் இருந்த உயரமான மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நொடி ஆட்காட்டி கத்தினாள். ஆறு முழுவதும் கேட்டது.

மேல்வாய்க்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது. செம்மண் தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு குட்டிகளும் பாடத்தை மறந்து அலறிக் குதித்துக் கரையேறின. அவை வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் சரியாகப் படிக்கவில்லை. நொச்சி இருபது நாள் படித்தவள். அவள் அசையவில்லை.

"குதி கண்ணு!" என்று வஞ்சி கத்தினாள்.

நொச்சி கண்ணை மட்டும் திருப்பினாள். "வாத்தியார் எறங்கச் சொல்லலியேம்மா."

"நான் சொல்றேன், குதி!"

"அசையாம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே சொன்னே?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். தினமும் பாறையில் ஏற்றிவிடும்போது சொன்னாள். தண்ணீர் பாறையின் பாதிக்கு வந்துவிட்டது. வஞ்சி பாய்ந்தாள். இழுப்பை எதிர்த்து நீந்திப் பாறையைப் பிடித்து ஏறி, மகளின் பிடரியைக் கவ்வி இழுத்தாள். நொச்சி பயத்தில் இறுகிப்போனாள். பாறைப் பிளவில் நகங்களைக் கோத்துக்கொண்டாள். வஞ்சி எவ்வளவு இழுத்தாளோ அவ்வளவு இறுகினாள். ஐந்து மாதக் குட்டி. கைக்குழந்தையைப்போல வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போக முடியாது. தண்ணீர் நொச்சியின் பாதத்தைத் தொட்டது.

அப்போது நடு ஆற்றில் மருது தெரிந்தான். அவனை வெள்ளம் கரையை ஒட்டி விளையாடிக்கொண்டிருந்த இடத்திலேயே அள்ளிவிட்டது. வஞ்சி அவன் போய்விட்டான் என்றே நினைத்தாள். அவன் ஒரு குட்டிக்கரணம் போட்டான். மூச்சைப் பிடித்து முங்கினான். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல் உடம்பைச் சாய்த்து, களிமண் சரிவில் போவதைப்போலப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனான். நாலு முழம் தள்ளி வெளியே வந்து தும்மினான். ஒரு வேரைக் கவ்வினான். வேர் இழுத்தது. அவனும் இழுத்தான். கரையேறிவிட்டான்.

இதை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று வஞ்சி நினைக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. மாதக்கணக்கில் அவள் கண்முன்னால்தான் அந்தப் பாடம் நடந்தது. தன் மகளை அதன் நடுவிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து இந்தப் பாறைமேல் நிறுத்தியது அவளேதான்.

அழுவதற்கு நேரம் இல்லை. கட்டளை போட்டால் நொச்சி இறுகுவாள். கட்டளைக்குக் கீழ்ப்படிய மட்டும்தான் அவளுக்கு இந்த இருபது நாளும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

வஞ்சி மகளின் பிடரியை விட்டாள்.

உயிரையே விடுவதுபோல இருந்தது. ஆனாலும் விட்டாள். தண்ணீரில் மல்லாந்து விழுந்தாள். வெள்ளம் அவளை இழுத்தது. அவள் உருண்டு, பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாலால் தண்ணீரை அடித்து நொச்சியின் முகத்தில் தெளித்தாள். நொச்சி திகைத்துப்போனாள். அம்மா விளையாடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மூத்தது போனதிலிருந்து வஞ்சி விளையாடியதே இல்லை.

இன்னொரு சுற்று. இன்னொரு தெளிப்பு. வஞ்சிக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் சிரிக்கிற முகத்தை வரவழைத்துக்கொண்டாள். ஒரு கிளை வந்து அவள் விலாவில் இடித்தது. வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. நொச்சி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

"மருது ஏறினான் பாரு, அந்த வேரு. யாரு மொதல்ல தொடறதுன்னு பாக்கலாமா?"

நொச்சியின் மீசை லேசாகத் துடித்தது. "நீ வெளையாடுவியாம்மா?"

"வெளையாடுவேன் கண்ணு. ஆனா உன்னால என்னைப் புடிக்க முடியாது."

சொல்லிவிட்டு வஞ்சி திரும்பி நீந்தத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முதுகுக்குப் பின்னால் வெள்ளத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சுக்கு அவளால் தாங்க முடியவில்லை.

தொபீர் என்று ஒரு சத்தம்.

வஞ்சி நின்றுவிடாமல் நீந்தினாள். முதலில் பின்னால் தத்தளிப்புக் கேட்டது. தண்ணீர் குடித்து இருமும் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் திரும்பு திரும்பு என்று துடித்தது. பிறகு இருமல் நின்றது. காலால் சீராகத் தண்ணீரைத் தள்ளும் சத்தம் வந்தது. இருபது நாள் பாறைமேல் நின்றும் உடம்பு மறந்துவிடவில்லை. வஞ்சி உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தாள். பின்னால் வந்ததும் சாய்ந்தது. சட்டென்று ஒரு சின்ன வாய் அவள் வாலைக் கவ்வியது.

"புடிச்சிட்டேன்!"

இரண்டு பேரும் ஒன்றாக வேரைப் பிடித்தார்கள். மருது மேலேயிருந்து நொச்சியின் காதைக் கவ்வி இழுத்தான். மூன்றும் சேற்றில் விழுந்தன. அவர்களுக்குப் பின்னால் நடு ஆற்றுப் பாறை முழுகிப்போயிற்று.

ஆட்காட்டி மூச்சிரைக்க ஓடிவந்து குட்டிகளை எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். நிச்சயமாகத் தெரியவேண்டும் என்று மறுபடியும் எண்ணினாள்.

வஞ்சி தலையைத் தூக்கினாள். நேர் மேலே மர உச்சியில் நாரையார் உட்கார்ந்திருந்தார். இறகு ஒன்றுகூட நனையவில்லை.

"வாத்தியாரே, வெள்ளம் வந்தா நிக்கோணும்னுதானே சொன்னீங்க? நீங்க ஏன் நிக்கல?"

நாரையார் ஒரு காலை மாற்றிக்கொண்டார். "நான் பறவையாச்சே" என்றார்.

"அது அன்னைக்கே உங்களுக்குத் தெரியாதா?"

பொய் சொல்ல அன்று நாரையாருக்குத் தெம்பில்லை. குட்டி அந்தப் பாறையில் நின்றதைப் பார்த்து அவரும் நடுங்கித்தான் போயிருந்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"மீன் கலையுதுன்னுதான் நிக்கச் சொன்னேன். குட்டிக கொஞ்ச நேரம் சும்மா இருந்தாப் போதும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க."

வஞ்சிக்குத் திட்டவேண்டும்போல இருந்தது. அவர் தம் வயிற்றுக்காகப் பொய் சொன்னார். தான் எதற்காக நம்பினோம்? பயத்துக்காக. மூத்த பிள்ளை எப்படிப் போனது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக, கையில் இருந்த பிள்ளையைப் பாறைமேல் நிறுத்தினாள். அவள் ஆட்காட்டியின் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, மன்னித்துக்கொள் அம்மிணி என்றாள். ஆட்காட்டி அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நொச்சி இத்தனை நேரமும் உடம்பை உதறி உதறி ரோமத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றாள். கண்ணில் அத்தனை வெளிச்சம்.

"அம்மா, இன்னொரு தடவை வெளையாடலாமா?"

வஞ்சி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கதறி அழுதாள்.

பெரியவர்கள் தங்கள் பயத்துக்காகவும் வசதிக்காகவும் குழந்தையின் விளையாட்டை நிறுத்தினால், அதன் உயிரைக் காக்கும் பாடத்தையே நிறுத்திவிடுகிறார்கள்.